‘பார்த்துக் கொடுங்க’ என்று இனிமேல் சொல்லாதீர்கள்

கேள்வி: அக்கா, நான் குரோம்பேட்டையில் இருக்கிறேன். தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே வாய்ஸ் ஓவர், அதாவது விளம்பரத்துக்கும் பாடங்களுக்கும் பின்னணிக் குரல் கொடுக்கும் வேலை செய்கிறேன். போன வருடம் ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரத்துக்கு வடபழனியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் 30 செகண்ட் பேசினேன். எவ்வளவு வேண்டும் என்று ஏஜென்சியில் கேட்டார்கள். ‘நீங்களே பார்த்துக் கொடுங்க சார்’ என்றேன். 1,500 ரூபாய் கொடுத்தார்கள். அப்புறம் பார்த்தால் டிவி, எஃப்எம், தியேட்டர் இடைவேளை என்று எல்லா இடத்திலும் என் குரல். இந்த ஆடிக்கும் அதையே போடப் போவதாகக் கேள்விப்படுகிறேன். இப்போது இணையவழிப் பாடங்கள் தயாரிக்கும் பெங்களூரு இ-லேர்னிங் கம்பெனி ஒன்று, பாடங்களைத் தமிழில் பேசித் தர வார்த்தைக்கு ஒரு ரூபாய் என்கிறது. இன்னொருவர், ஏஐ குரலுக்காக 20 மணி நேரம் பேசித் தந்தால் 25,000 ரூபாய் என்கிறார். எதற்கு எவ்வளவு கேட்பது? கேட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் என் கண் போய் நின்ற இடம் ‘நீங்களே பார்த்துக் கொடுங்க சார்’ என்ற வரி.

நம் ஊரில் அது மரியாதைப் பேச்சு. கல்யாணத்துக்கு வாசிக்க வரும் நாதஸ்வரக்காரர் சொல்வார், வீட்டு விசேஷத்துக்குச் சமைக்க வருகிறவர் சொல்வார். தலைமுறையாகப் பழகிய வீடுகளில் அந்தப் பேச்சுக்கு மதிப்பு உண்டு. குறைத்துக் கொடுத்தால் நாளைக்கு அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற கூச்சம் கொடுப்பவருக்கு இருக்கும். விளம்பர ஏஜென்சியில் உங்களிடம் பேசியவருக்கு அந்தக் கூச்சம் வர வழியே இல்லை. அவர் கையில் ஒரு பட்ஜெட் ஷீட் இருக்கிறது, அதில் ‘குரல்’ என்று ஒரு வரியும் அதற்கு எதிரே ஒரு தொகையும் இருக்கிறது. அந்தத் தொகைக்குக் கீழே எவ்வளவில் முடிகிறதோ அவ்வளவு அவருக்கு நல்லது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவருடைய வேலை அது. விலை சொல்வது உங்கள் வேலை. அதையும் நீங்கள் அவரிடமே ஒப்படைத்துவிட்டீர்கள்.

சரி, எந்த விலையைச் சொல்வது? முதலில் உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். உங்கள் செலவு எனக்குத் தெரியாது, அதனால் நானாக ஒரு தொகை வைத்துக்கொள்கிறேன். இந்தத் தொழிலிலிருந்து மாதம் 35,000 ரூபாய் வீட்டுக்கு வர வேண்டும். மைக், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், ஹெட்போன், எதிரொலி வராமலிருக்க அலமாரிக்குள் ஒட்டிய ஃபோம் எல்லாம் மூன்று நான்கு வருடத்தில் மாற்ற வேண்டியவை. அதோடு நெட், கரண்ட் சேர்த்து மாதம் 5,000. தொண்டை கட்டிக்கொண்டு வேலை செய்ய முடியாத வாரத்துக்கும் டாக்டருக்கும் இன்னொரு 5,000. ஆக 45,000. இனி மாதத்தில் எத்தனை மணி நேரத்துக்கு உங்களுக்கு உண்மையிலேயே காசு வருகிறது என்று பாருங்கள். ஆடிஷன் அனுப்புவது, போன் பேசுவது, பணத்துக்கு நினைவூட்டுவது எதற்கும் யாரும் காசு கொடுப்பதில்லை. 40 மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 1,125 ரூபாய். இது சந்தை விலை இல்லை, இதற்குக் கீழே போனால் கைக்காசைப் போட்டு வேலை செய்கிறீர்கள் என்ற கோடு. உங்கள் உண்மையான எண்களைப் போட்டு உங்கள் கோட்டைக் கண்டுபிடித்து, மைக் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

இந்தக் கோட்டை வைத்து அந்த 1,500 ரூபாயைப் பாருங்கள். பேசியது 30 செகண்ட்தான். ஆனால் குரோம்பேட்டையிலிருந்து வடபழனி போய், இன்ஜினியர் வரும்வரை உட்கார்ந்து, கடைக்காரர் போனில் ‘இன்னும் கொஞ்சம் சந்தோஷமா’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும் மறுபடி பேசிவிட்டு வீடு திரும்பினால் அரை நாள் போயிருக்கும். நாலு மணி நேரம் என்றாலே 4,500 ரூபாய். உழைப்புக்கு உண்டானதிலேயே மூன்றில் ஒரு பங்குதான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

இது உழைப்பின் விலை மட்டும். நம் தொழிலில் பெரிய தொகை இருப்பது அதற்கு அடுத்த இடத்தில். ஒரே 30 செகண்ட் பேச்சு, ரங்கநாதன் தெருவில் ஒரு கடை வாசல் ஸ்பீக்கரில் பத்து நாள் ஒலிக்கலாம். அதே பேச்சு தமிழ்நாடு முழுக்க டிவியில் மூன்று மாதம் ஓடலாம். உங்களுக்கு உழைப்பு ஒன்றுதான், அவர்களுக்குக் கிடைக்கும் பயன் ஒன்றா? டிவி சேனலுக்கு அவர்கள் ஒவ்வொரு செகண்டுக்கும் கணக்குப் பார்த்துக் காசு கட்டுகிறார்கள். எஃப்எம்முக்கும் தியேட்டருக்கும் தனித்தனியாகக் கட்டுகிறார்கள். அந்த நேரத்தை நிரப்பும் குரலுக்கு மட்டும் ஒரே ஒரு தடவை 1,500 என்பது நியாயமில்லை. குரல் எங்கே ஒலிக்கும், எத்தனை நாள் ஒலிக்கும், எந்த ஊர்களில் ஒலிக்கும் என்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நான் அதைப் பயன்பாட்டுக் கட்டணம் என்றே பில்லில் எழுதுகிறேன்.

ஆகவே ‘எவ்வளவு’ என்று போன் வந்தால் உடனே தொகை சொல்லாதீர்கள். ‘எதுல போடப் போறீங்க சார், எத்தனை மாசத்துக்கு?’ என்று கேளுங்கள். 30 செகண்டை வெட்டி 20, 10 என்று தனித்தனி விளம்பரமாக்குவார்களா என்றும் கேளுங்கள். கடைசியாக, வேறு ஜவுளிக்கடைக்கு நீங்கள் பேசக்கூடாது என்று எதிர்பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். இதைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் மனதில் வைத்திருப்பார்கள். ஆடியிலும் தீபாவளியிலும் இன்னொரு கடைக்குப் போகாமல் உங்களைக் கட்டிப்போடுவது என்றால், அந்த இழப்பை அவர்கள்தான் ஈடு செய்ய வேண்டும். இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நினைக்காதீர்கள். தொழில் தெரிந்த ஏஜென்சிக்காரர்கள் இந்தக் கேள்விகளை எதிர்பார்த்துத்தான் இருப்பார்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால், ரெக்கார்டிங் கட்டணம் 4,500, டிவி 3 மாதத்துக்கு 5,000, எஃப்எம் 2,500, தியேட்டர் 2,500, மொத்தம் 14,500 என்று கொட்டேஷன் கொடுத்திருப்பேன். பேரம் பேசுவார்கள், பேசட்டும். அப்போது வெறுமனே தொகையைக் குறைக்காதீர்கள். ‘பட்ஜெட் 9,500தான் சார்? சரி, டிவி மட்டும் வச்சுக்கலாம், எஃப்எம்மும் தியேட்டரும் பிறகு வேணும்னா சேர்த்துக்கலாம்’ என்று சொல்லுங்கள். விலை குறையும்போது அவர்கள் வாங்கும் பொருளும் குறைய வேண்டும். ஒன்றையும் விட்டுக்கொடுக்காமல் அவர்கள் 9,500க்கு எல்லாவற்றையும் வாங்கிப் போனால், நீங்கள் முதலில் சொன்ன 14,500 பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும்.

அடுத்து பெங்களூரு. வார்த்தைக்கு ஒரு ரூபாய் என்பதை ஏற்காதீர்கள். ரூபாய் குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, வார்த்தைக் கணக்கே தமிழுக்குப் பொருந்தாது. ஆங்கிலத்தில் ‘தே வில் நாட் பி ஏபிள் டு கம்’ என்றால் ஏழு வார்த்தை. தமிழில் ‘அவர்களால் வர இயலாது’, மூன்று வார்த்தை. வாய்விட்டுச் சொல்லி அசைகளை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் எட்டு, தமிழில் பத்து. பேசும் நேரம் கூடுகிறது, கூலி பாதிக்கும் கீழே போகிறது. எண்கள் வந்தால் இன்னும் மோசம். ஸ்கிரிப்டில் ‘12,49,999’ என்று இருப்பது கணக்கில் ஒரே வார்த்தை. நீங்கள் படிக்க வேண்டியதோ ‘பன்னிரண்டு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது’.

ஆங்கிலப் பாடம் தமிழுக்கு வரும்போது வார்த்தை எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு போலக் குறைந்துவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். 6,000 ஆங்கில வார்த்தை கொண்ட பாடத்தை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 150 வார்த்தை வேகத்தில் அதைப் படிப்பவருக்கு 40 நிமிடம், 6,000 ரூபாய். தமிழில் அது 4,000 வார்த்தை ஆகும். உங்களுக்கும் 40 நிமிடத்துக்குக் குறையாது, ஆனால் 4,000 ரூபாய்.

அதனால் முடிந்த நிமிடக் கணக்குக் கேளுங்கள். எடிட் முடித்து நீங்கள் அனுப்பும் ஆடியோ எத்தனை நிமிடமோ அதற்குக் காசு. வீட்டில் தனியாகச் செய்பவருக்கு ஒரு மணி நேர முடிந்த ஆடியோவுக்கு ஆறு மணி நேரம் போகும். முன்கூட்டிப் படித்துச் சந்தேகம் கேட்பது, பேசுவது, வெட்டுவது, மூச்சுச் சத்தம் எடுப்பது, திருத்தம், அனுப்புவது எல்லாம் அதில் அடக்கம். மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், ஒவ்வொரு விமானத்துக்கும் நிறுத்தி அந்த வரியை மறுபடி பேசுகிறீர்கள். அக்னி நட்சத்திரத்தில் ஏசியையும் ஃபேனையும் அணைத்துவிட்டு அலமாரிக்குள் உட்கார்ந்து பேசுகிறீர்கள். இதெல்லாம் யாருக்கும் தெரியாது, நீங்கள்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆறு மணி நேரம், மணிக்கு 1,125 என்றால் முடிந்த நிமிடத்துக்கு 112 ரூபாய் 50 காசு உங்கள் கோடு. 200 கேளுங்கள். பெரிய ஆர்டர், மாதாமாதம் வரும் என்றால் 150க்கு இறங்கலாம். 112க்குக் கீழே என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு வேலை தேடுங்கள்.

திருத்தம் பற்றி அந்த மெயிலிலேயே எழுதிவிடுங்கள். உச்சரிப்போ வாசிப்போ நீங்கள் தவறவிட்டிருந்தால் இலவசமாகத் திருத்தித் தருவீர்கள். ஸ்கிரிப்டை அவர்கள் மாற்றினால் புது ரெக்கார்டிங், புதுக் கட்டணம். இந்த ஒரு வரி இல்லாததால், மொழிபெயர்ப்பாளர் செய்த பிழைக்காக ஒரே பாடத்தை மூன்று முறை முழுதாகப் பேசிக் கொடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

இனி ஏஐ. 20 மணி நேரத்துக்கு 25,000 என்றால் மணிக்கு 1,250 ரூபாய், உங்கள் கோட்டுக்கு மேலே இருப்பது போலத் தெரியும். அவர்கள் கேட்பது சுத்தம் செய்த 20 மணி நேரம் என்றால் உங்கள் உழைப்பு 120 மணி நேரம், அதன் கூலியே 1,35,000 ரூபாய். அதையும் தாண்டி, அவர்கள் வாங்கப் போவது 20 மணி நேரப் பேச்சு இல்லை. நீங்கள் பேசாத வாக்கியங்களையும் உங்கள் குரலில் பேச வைக்கும் வசதியை வாங்குகிறார்கள். நாளைக்கு அதே ஜவுளிக்கடை உங்களைக் கூப்பிடாமலேயே உங்கள் குரலில் விளம்பரம் செய்ய முடியும். எந்தப் பொருளுக்கு, எத்தனை வருடம், வேறு யாருக்கும் விற்கலாமா, காலம் முடிந்தால் அழித்துவிடுவார்களா என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் ஒரு வரி கூடப் பேசாதீர்கள். இந்த விலைக்கு வேண்டாம் என்பதுதான் என் யோசனை. 2024-ல் பாம்பே உயர் நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அவர் அனுமதி இல்லாமல் ஏஐ மூலம் உருவாக்குவதற்கு இடைக்காலத் தடை போட்டது. அனுமதி இல்லாமல் எடுத்தார்கள் என்பதால் அவரால் வழக்குப் போட முடிந்தது. 25,000 வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும். பெங்களூரு கம்பெனிக்கும் ‘இந்த ஒலிப்பதிவைச் செயற்கைக் குரல் உருவாக்கவோ பயிற்றுவிக்கவோ பயன்படுத்தக் கூடாது’ என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘சாம்பிள்’ என்று யாராவது முழு ஸ்கிரிப்டையும் அனுப்பினால் இரண்டு வரிக்கு மேல் பேசாதீர்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு நிதி நிறுவன விளம்பரத்துக்கு முழுசாகப் பேசி அனுப்பினேன். ‘கிளையண்டுக்குப் பிடிக்கல மேடம்’ என்றார்கள். ஆறேழு வாரம் கழித்துத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், ஆட்டோ மேல் கட்டிய ஸ்பீக்கரில் என் குரல் வட்டி விகிதம் சொல்லிக்கொண்டு போகிறது. பக்கத்தில் நின்றவர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். அதன் பிறகு, சாம்பிளில் நடுவில் ஒரு வார்த்தையை வேண்டுமென்றே மாற்றிப் படிக்கிறேன். கடைப் பெயரோ போன் நம்பரோ சாம்பிளில் சொல்வதே இல்லை.

பணம் வசூல் பற்றிச் சுருக்கமாக. சிறு தொழில் செய்பவர்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், இன்றைக்கே செய்யுங்கள். குறு, சிறு தொழிலாகப் பதிந்தவருக்கு 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. வட்டியை நான் இதுவரை யாரிடமும் வாங்கியதில்லை. ஆனால் பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்த பிறகு ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்ற பதில் குறைந்துவிட்டது. ஒரே கம்பெனி உங்களுக்கு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடிக்கும். அது உங்கள் பேரில் கட்டப்படுவது, ரிட்டர்ன் தாக்கல் செய்து கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். பான் எண் கொடுக்கத் தவறினால் 20 சதவீதம் போகும். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பதிவு இல்லாமல் பில்லில் 18 சதவீதம் சேர்க்கவும் கூடாது. தேர்தல் பிரசார ஆடியோ வந்தால் முழுப் பணமும் கைக்கு வந்த பிறகு மைக்கைத் தொடுங்கள். வாக்குப்பதிவு முடிந்தால் போனை எடுக்க ஆள் இருக்காது. சினிமா டப்பிங் தனி வழி. யூனியன் அட்டை, யூனியன் பேசி வைத்த சம்பளம் என்று அங்கே முறை வேறு. இந்தக் கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

இலவசமாகச் செய்யவே கூடாதா என்றால், தாராளமாகச் செய்யலாம். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகம் வாசித்துக் கொடுக்கிறேன், அதற்குக் காசு வாங்க மனம் வராது. ஆனால் அதற்கும் பில் போடுகிறேன். முழுத் தொகையை எழுதி, கீழே ‘100 சதவீதம் தள்ளுபடி’ என்று எழுதுகிறேன். வாங்குபவருக்கு என்ன கிடைத்தது என்று தெரிகிறது, எனக்கும் என்ன கொடுத்தேன் என்று தெரிகிறது.

கடைசியாக உங்கள் ஆடி விளம்பரம். எழுத்தில் எதுவும் போட்டதாக நீங்கள் சொல்லவில்லை, அதனால் எதுவுமே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். காப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தாலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. கலைஞர்களுக்குத் தாங்கள் நிகழ்த்தியதன் மீது உள்ள நிகழ்த்துரிமைக்கும் இந்த விதி உண்டு. ஆகவே ‘1,500 கொடுத்தோம், காலம் முழுக்க எங்களுடையது’ என்று அவர்கள் அடித்துச் சொல்ல முடியாது. அதற்காக வக்கீல் நோட்டீஸ் எல்லாம் வேண்டாம், இந்தத் தொகைக்கு அது கட்டுப்படியாகாது. உங்களுக்கு வேண்டியது இந்த வருடக் கட்டணமும் அந்த ஏஜென்சியின் அடுத்த வேலையும். அவர்களுக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் அனுப்பி, அதையே மெயிலிலும் போடுங்கள்:

‘வணக்கம் சார். போன வருடம் உங்களுக்காக நான் பேசிய ஆடித் தள்ளுபடி விளம்பரத்தை இந்த வருடமும் பயன்படுத்தப் போவதாக அறிந்தேன், மகிழ்ச்சி. மறுபயன்பாட்டுக் கட்டணம், டிவி, எஃப்எம், தியேட்டர் மூன்றுக்கும் சேர்த்து 3 மாதத்துக்கு, தமிழ்நாடு மற்றும் புதுச்சேரிக்கு மட்டும், 10,000 ரூபாய். தேதியோ ஆஃபரோ மாறியிருந்தால் அந்த வரிகளை இதே கட்டணத்தில் வீட்டிலிருந்தே பேசி அன்றே அனுப்பித் தருகிறேன். உறுதி செய்தால் பில் அனுப்புகிறேன்.’

அந்த கடைசிச் சலுகை முக்கியம். போன வருடத் தேதியும் ஆஃபரும் இந்த வருடத்துக்கு ஒத்துவராது, அந்த வரிகளுக்கு உங்கள் குரல் அவர்களுக்குக் கட்டாயம் தேவைப்படும். அனுப்பிவிட்டுப் போனை வைத்துவிடுங்கள். ‘ஜாஸ்தியா இருந்தா சொல்லுங்க சார்’ என்று அடுத்த மெசேஜ் போடாதீர்கள். ஆடி பிறப்பது ஜூலை நடுவில், ஆனால் விளம்பரங்கள் ஜூன் கடைசிக்குள் முடிவாகிவிடும். அதற்குள் அனுப்பிவிட்டு, என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.